கவலையை இறக்கி வைத்து ஆண்டவரிடம் வழி கேட்பது எப்படி? படிப்படியான வழிகாட்டி

"ஆண்டவரே, எனக்கு வழி காட்டும்" என்று ஜெபிக்காத விசுவாசி கிடையாது. ஆனால் முழங்காலிலிருந்து எழுந்த அடுத்த நிமிடமே அதே கவலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. "எனக்கு விசுவாசம் பத்தலைங்க" என்று தன்னையே நொந்துகொள்கிறவர்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. அவர்கள் செய்வதைக் கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் வரிசைதான் மாறிப்போயிருக்கும்.

கவலை அடங்கும் முன்பே "எந்தப் பக்கம் போகட்டும்?" என்று கேட்டுவிடுகிறோம். பயந்த மனதுக்குத் தன் பயமே ஆண்டவருடைய சத்தம் மாதிரிக் கேட்கும். கையிலிருக்கும் பணம் போய்விடுமோ என்று நடுங்குகிறவருக்கு எந்த வசனத்தைத் திறந்தாலும் "வேண்டாம்" என்று தோன்றும். கடன்காரர் வாசலில் நிற்கிறவருக்கு எல்லாமே "வாங்கிக்கொள்" என்று தோன்றும்.

பிலிப்பியர் 4-ம் அதிகாரத்தில் வரிசை தெளிவாக இருக்கிறது. 6-ம் வசனத்தில் விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்துகிறோம். 7-ல் தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கிறது. 8-ல் எதைச் சிந்திக்க வேண்டும் என்று வருகிறது. 9-ல்தான் "செய்யுங்கள்" வருகிறது. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டுக்குத் திருப்பூரில் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு தையல் யூனிட்டை வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும், கம்பெனியிலிருந்து பில் பணம் வரவில்லை. சோமனூரில் தறி ஓட்டுகிறவரும், பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவரும், போர் வற்றிப்போன காங்கேயத்து விவசாயியும் தங்கள் கணக்கை இதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும். போனில் எழுத வேண்டாம். நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதோடு முடிந்தது. வேதாகமமும் அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும்.

தினமும் 20 நிமிடம், ஒரே நேரத்தில். நைட் ஷிப்ட் போகிறவர்கள் "விடியற்காலை ஜெபம்தான் ஜெபம்" என்று தங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு வரும் 20 நிமிடம் போதும்.

இரண்டு பேர். ஒருவர் உங்களோடு ஜெபிக்கக்கூடியவர், இன்னொருவர் அந்த விஷயம் தெரிந்தவர். இரண்டு பேரும் வாயை அடக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். சபையில் ஜெபக் குறிப்பாகச் சொன்னது மறுநாள் தெருவில் பேச்சாக வந்தால், அதுவே புதுக் கவலை.

முடிவெடுக்க வேண்டிய தேதி. அதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தேதி இல்லாவிட்டால் "காத்திருக்கிறேன்" என்ற பேரில் தள்ளிப்போடுவது நடக்கும்.

1. முதலில் உடம்பைக் கவனியுங்கள்

எலியா "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, ஆண்டவர் முதலில் உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு மறுபடி சாப்பிடக் கொடுத்தார் (1 இராஜாக்கள் 19). ஆண்டவர் எலியாவோடு பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கு வெகு பிந்தித்தான் வருகிறது.

ஆகவே இரண்டு இரவு தூங்காதவர் முதலில் ஒரு இரவு தூங்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் எந்த முடிவும் வேண்டாம், யாருக்கும் போன் போட்டு வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். களைத்த மூளைக்குச் சின்னக் கடனும் மலையாகத் தெரியும்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, கவலை வந்ததும் மூன்று நாள் உபவாசம் என்று அறிவித்துவிடுவது. உபவாசம் நல்லது. ஆனால் ஏற்கெனவே சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் கிடக்கிறவர் அதைத் தொடங்கினால் பலவீனம்தான் மிஞ்சும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. பவுலின் கூட்டத்திலேயே லூக்கா என்ற வைத்தியன் இருந்தார் (கொலோசெயர் 4:14). மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறையாது. "ஜெபிச்சா போதும், மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

2. கவலையை ஒரே வரியில், தொகையோடும் தேதியோடும் எழுதுங்கள்

எசேக்கியா ராஜா தனக்கு வந்த மிரட்டல் நிருபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கர்த்தருக்கு முன்பாக விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). விரித்து வைக்க வேண்டுமானால் முதலில் அது ஒரு தாளில் இருக்க வேண்டும்.

"குடும்பக் கஷ்டம்", "தொழில் சரியில்லை" என்று எழுதினால் வேலைக்காகாது. இப்படி எழுதுங்கள்: "சனிக்கிழமை சம்பளம் 60,000. கையில் 22,000. கம்பெனி பில் 1,80,000 நிற்கிறது. மூன்று வாரமாக அடுத்த வாரம் என்கிறார்கள்." எழுதியதும் ஒன்று தெரியும். மனதுக்குள் லட்சக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த கவலை, இந்த வாரத்துக்கு 38,000 ரூபாய்தான். மற்றதெல்லாம் அதன்மேல் நாமே ஏற்றிய சுமை.

அதற்குக் கீழே "அப்படி ஆனால் என்ன ஆகும்?" என்று இரண்டு முறை கேட்டுப் பதில் எழுதுங்கள். சம்பளம் போடாவிட்டால்? டெய்லர்கள் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். போனால்? யூனிட்டை மூட வேண்டும், மச்சான் முன்னால் தலை குனிய வேண்டும்.

இந்தக் கடைசி வரியை எழுதப் பலரும் கூசுகிறார்கள். ஆனால் அதுதான் வேர். நம் பக்கத்தில் பணம் போவதைவிட மானம் போவதுதான் மனிதரைத் தூங்கவிடாமல் செய்கிறது. பணத்துக்கு மட்டும் ஜெபித்தால், பணம் வந்த பிறகும் அந்தப் பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேரையும் ஆண்டவருக்கு முன்பாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு கவலைதான். பிள்ளையின் கல்யாணம், பெரியவரின் ஆபரேஷன், கடன் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். மூன்றுக்கும் அடுத்த அடி வேறு வேறு.

3. பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்

கொஞ்சம் நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இது. கவலையில் பெரும்பகுதி, யார் வேலை எது என்று பிரிக்காததால் வருகிறது.

முதல் பத்தி: "என் வேலை". நெகேமியா எருசலேமின் அலங்கத்தை (மதிலை) கட்டும்போது எதிரிகள் வந்தார்கள். கட்டுகிறவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களையும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). யூனிட்காரரின் வேலை என்ன? கம்பெனி அக்கவுன்டன்டை நேரில் போய்ப் பார்ப்பது. பாதிப் பணமாவது கேட்பது. டெய்லர்களிடம் வெள்ளிக்கிழமையே உள்ளதைச் சொல்லி, இந்த வாரம் பாதி, புதன்கிழமை மீதி என்று பேசுவது.

இரண்டாம் பத்தி: "அவர் கையில்". கம்பெனிக்காரர் மனம், வெளிநாட்டு ஆர்டர் வருவது, டெய்லர்கள் என்ன நினைப்பார்கள் என்பது, ஊர் என்ன பேசும் என்பது. போர் போடும் விவசாயிக்கு, சுற்று வட்டாரத்தில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்திருக்கிறது, எத்தனை போர் பொய்த்திருக்கிறது என்று விசாரிப்பதும் செலவுக்குக் கணக்குப் போடுவதும் முதல் பத்தி. பூமிக்கு அடியில் ஊற்று இருப்பதும் இல்லாததும் இரண்டாம் பத்தி.

மூன்றாம் பத்தி: "சரிசெய்ய வேண்டியது". வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்திருந்தால், பங்காளியின் கணக்கில் மறைத்திருந்தால், வேலைக்காரர் கூலியைப் பிடித்து வைத்திருந்தால் இங்கே எழுத வேண்டும். இது காலியாகவே இருந்தால் நல்லது. இருந்தால், அதைச் சரிசெய்யாமல் ஜெபம் பண்ணிக் கவலையைப் போக்க முடியாது. அது மனச்சாட்சி அடிக்கும் மணி. ஜெபத்தால் அதை நிறுத்தப் பார்க்காமல் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் இரண்டாம் பத்தியில் போட்டுவிட்டு "ஆண்டவர் பார்த்துக்குவாரு" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அக்கவுன்டன்டுக்கு ஒரு போன்கூடப் போயிருக்காது. சிலர் மழையையும் டாலர் விலையையும்கூட முதல் பத்தியில் எழுதிச் சுமப்பார்கள். இரண்டாம் வகையினர்தான் அதிகம், அவர்கள்தான் சீக்கிரம் உடைந்துபோகிறார்கள்.

4. ஸ்தோத்திரத்தோடு ஒப்புக்கொடுங்கள்

இரண்டாம் பத்தியை ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொன்றின் பின்னும் "இது உம்முடைய கையில், நான் இதைச் சுமக்கவில்லை" என்று சொல்லி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போடுங்கள். தேதி எதற்கு என்றால், நாளை மனம் "நீ இன்னும் ஒப்புக்கொடுக்கவில்லை" என்று சொல்லும். அப்போது காட்டுவதற்கு.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்தோத்திரம் சேருங்கள், அதுவும் குறிப்பாக. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது வாயில் பழகிப்போன வார்த்தை. "போன ஆடி மாசம் வேலையே இல்லாதபோதும் மெஷினை விற்காமல் காத்தீரே, நன்றி" என்பது நினைவைத் தட்டி எழுப்பும். முன்பு நடத்தினவர் என்ற நினைவு வந்த பிறகுதான் இனியும் நடத்துவார் என்ற நம்பிக்கைக்குக் கால் முளைக்கிறது.

கவலையை ஒரே ஒரு முறை விவரியுங்கள். அரைமணி நேரம் ஜெபித்தேன் என்பவர்களில் பலர் இருபத்தைந்து நிமிடம் கவலையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். அது முழங்காலில் நின்றுகொண்டு கவலைப்படுவது. அழுகை வந்தால் அழுங்கள். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அது நம்பிக்கையில் வந்து முடிகிறது.

பேரம் பேசாதீர்கள். "இது நடந்தால் இவ்வளவு காணிக்கை" என்று தொடங்கினால், நடக்காதபோது ஆண்டவரோடு கணக்கு வழக்காகிவிடும்.

ஒரு மணி நேரத்தில் கவலை திரும்ப வரும். வரத்தான் செய்யும், தோற்றுவிட்டோம் என்று எண்ண வேண்டாம். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" (1 பேதுரு 5:7). மறுபடி முழு ஜெபமும் தேவையில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே "அது உம்மிடம் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முதல் பத்தியிலிருந்து ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். வெறும் மனதில்தான் கவலை வசதியாக உட்காரும்.

5. இப்போது வழி கேளுங்கள், அடுத்த ஓர் அடிக்கு மட்டும்

"என் எதிர்காலத்தைக் காட்டும்" என்று கேட்காதீர்கள். வசனம் நம் கால்களுக்குத் தீபம் (சங்கீதம் 119:105). தீப வெளிச்சத்தில் அடுத்த அடிதான் தெரியும். வனாந்தரத்தில் மன்னாவும் அந்தந்த நாளுக்குத்தான் கிடைத்தது. மறுநாளுக்கு என்று மீதி வைத்தது பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16:20).

கேள்வியை ஆம், இல்லை என்று பதில் வரும்படி எழுதுங்கள். யூனிட்காரருக்கு ஒருவர் 2 லட்சம் கடன் தருகிறேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வரும் திங்கட்கிழமைக்குள் இந்த 2 லட்சம் கடனை வாங்கலாமா?" இப்படிக் குறுக்கினால்தான் பதில் வந்ததா இல்லையா என்று தெரியும். கூடவே ஞானத்தையும் கேளுங்கள். யாக்கோபு 1:5 சொல்வது, அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்று. "இதைப் போய்க் கேட்கலாமா" என்ற கூச்சம் வேண்டாம்.

6. தோன்றியதைச் சோதித்துப் பாருங்கள்

ஜெபத்துக்குப் பின் ஒரு பக்கமாக மனம் சாயும். அதை உடனே தேவசித்தம் என்று சொல்லிவிடாமல் நான்கு இடத்தில் உரசிப் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலாவது, வேதம் நேராகச் சொல்வது. நேராகச் சொல்லியிருந்தால் ஜெபித்துக் கேட்கவே தேவையில்லை. பொய் பில் போடலாமா என்பதற்கு வழிநடத்துதல் எதற்கு? சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா என்று நம் ஊரில் அடிக்கடி வரும் கேள்விக்கு நீதிமொழிகள் 6-ம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை வாசியுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் எப்படி வெளியே வருவது என்பதுவரை அங்கே இருக்கிறது.

இரண்டாவது, ஆலோசனை. முதலில் தேர்ந்தெடுத்த இரண்டு பேரிடமும் நோட்டைக் காட்டுங்கள். அந்தக் கடனுக்கு மாத வட்டி எவ்வளவு, எந்த வரவிலிருந்து கட்டுவீர்கள் என்று விஷயம் தெரிந்தவர் கேட்பார். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும்வரை ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கேட்காதீர்கள். கந்துவட்டிக் கொடுமையில் ஏற்கெனவே சிக்கியிருந்தால், 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. போலீசிலோ கலெக்டர் அலுவலகத்திலோ மனுக் கொடுப்பதும் "என் வேலை" பத்திதான்.

மூன்றாவது சூழ்நிலை, நான்காவது மனச் சமாதானம். இவற்றை ஏன் கடைசியில் வைக்க வேண்டும் என்பதற்கு யோனாவைப் பாருங்கள். ஆண்டவரை விட்டு ஓடுகிறபோது யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது. சூழ்நிலை திறந்திருந்தது. கப்பலின் கீழ்த்தட்டில் படுத்து அயர்ந்து தூங்கவும் செய்தார் (யோனா 1:3, 5). சமாதானமும் இருந்தது! வேதமும் ஆலோசனையும் சம்மதித்த பிறகுதான் "கதவு திறந்தது", "மனசுக்குச் சமாதானமா இருக்கு" என்பதற்கெல்லாம் மதிப்பு.

இந்த இடத்தில் அதிகம் பேர் இடறுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். புது வருஷ ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வைத்துக் கடன் வாங்குகிறார்கள். பூக் கேட்டும் பல்லி சொல்லும் பார்த்தும் முடிவெடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், அதே பழக்கத்தை வேதாகமத்தின் மேல் ஏற்றிவிடுவது இயல்புதான், அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. ஆனால் சொல்லித்தர வேண்டும். அந்த வசனம் யாருக்கு, எப்போது, ஏன் சொல்லப்பட்டது என்று முழு அதிகாரத்தையும் வாசிக்கப் பழக்க வேண்டும். கிதியோன் அடையாளம் கேட்டு ஆட்டுத் தோலைப் போட்டுப் பார்த்தாரே என்பார்கள். ஆண்டவர் தமது சித்தத்தை முன்பே தெளிவாகச் சொன்ன பிறகு, நம்பத் தயங்கித்தான் கிதியோன் அதைக் கேட்டார் (நியாயாதிபதிகள் 6).

பணம் வாங்கிக்கொண்டு, அல்லது போனிலேயே, "ஆண்டவர் உனக்குச் சொல்றாரு" என்று தொழில், கல்யாண முடிவுகளைச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். உங்களை அறிந்த போதகர் உங்கள் சபையிலேயே இருக்கிறார்.

7. முடிவெடுத்ததும் 24 மணி நேரத்துக்குள் ஓர் அடி வையுங்கள்

நான்கும் ஒத்துப்போனால் தொடங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கவலை மறுபடி பேச ஆரம்பிக்கும். முடிந்தவரை திரும்பி வரக்கூடிய அளவில் தொடங்குங்கள். 2 லட்சம் தேவைதானா, இந்த வாரத்துக்கு 38,000 போதுமா என்று பாருங்கள். பழைய இரண்டு மெஷினை விற்றால் கடனே வேண்டாமா என்றும் பாருங்கள்.

முடிவெடுத்த பின் புதுத் தகவல் வந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம். புதுப் பயம் வந்தால் 4-ம் படிக்குப் போங்கள், 6-ம் படிக்கு வேண்டாம்.

பாடு வந்தால் வழி தப்பிவிட்டோம் என்று முடிவு கட்டாதீர்கள். மக்கெதோனியாவுக்கு வா என்று தரிசனம் கண்டுதான் பவுல் பிலிப்பி பட்டணத்துக்குப் போனார். அங்கே அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, சிறையில் கிடந்தார் (அப்போஸ்தலர் 16). "ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள்" என்ற நிருபம் அதே பிலிப்பி சபைக்குத்தான் பிற்பாடு போனது, அதுவும் பவுல் கட்டப்பட்டிருந்த இடத்திலிருந்து.

8. பதில் தெரியாவிட்டால்

குறித்த தேதி வந்தும் ஒரு பக்கமும் தெளிவில்லை என்றால், கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த கடமையைச் செய்துகொண்டிருங்கள். திரும்ப முடியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதியைத் தள்ளவே முடியாது என்றால், வேதத்துக்கு விரோதமில்லாத வழிகளில் குறைந்த நஷ்டம் உள்ளதை எடுத்துக்கொண்டு, "தவறென்றால் தடுத்துவிடும்" என்று ஜெபித்துப் போகலாம். பவுலையும் ஆவியானவர் ஆசியாவிலும் பித்தினியாவிலும் தடுத்தார். தடுக்கப்பட்டது அவர் நடந்துகொண்டிருந்தபோது.

சில ஜெபங்களுக்கு "இல்லை" என்பதே பதில். பவுல் தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த ஒரு பாடு நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் வந்தது (2 கொரிந்தியர் 12:8, 9). இதைக் கேட்கும் தெம்பு எல்லா நாளும் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் தனியாக ஜெபிக்காமல், உங்களோடு ஜெபிக்கும் அந்த ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் ஆமென் சொன்னால் போதும்.

9. மாதம் ஒருமுறை நோட்டைத் திருப்பிப் பாருங்கள்

மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து மதியம் உட்காருங்கள். கணவன் மனைவி சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கவலைக்கும் எதிரே என்ன நடந்தது என்று எழுதுங்கள். நினைத்தபடி நடந்ததை மட்டும் எழுதாமல், வேறு விதமாக நடந்ததையும் நடக்காமலே போனதையும் எழுதுங்கள். பயந்து எழுதிய பலவும் நடக்கவே இல்லை என்று தெரியும்போது, அடுத்த மாதக் கவலையின் பலம் பாதி குறையும். அந்த வரிகளே அடுத்த முறை 4-ம் படியில் ஸ்தோத்திரத்துக்கு உதவும்.

ஒரே கவலை மூன்று மாதமும் வந்தால், பெரும்பாலும் மூன்றாம் பத்தியில் எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் போதகரிடம் தனியாகப் பேசுங்கள்.

நோட்டு தீர்ந்ததும் நடந்தவற்றின் சுருக்கத்தைப் புது நோட்டில் எழுதிக்கொண்டு, கடன் விவரமும் பிறர் பெயரும் உள்ள பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.